கோமாரி வைரசின் புரதத் துண்டங்களும் தடுப்பாற்றல் சோதனையும்

கறவை மாடுகளுக்கும் உழவு மாடுகளுக்கும் வரும் தொற்று நோய்களுள் மிக விரைந்து பரவுவனவற்றில் கோமாரி நோயும் ஒன்று. காணை என்றும், கால் வாய் நோய் என்றும் இதனை வழங்குவர். வாயிலும் குளம்பிடுக்கிலும் காம்புகளிலும் கொப்புளங்கள் எழுந்து உடைகின்றன, மாடு தீனி எடுப்பதில்லை, பால் வற்றுகிறது, இளங்கன்றுகள் இதயத் தசை பாதிக்கப்பட்டுத் திடீரென இறப்பதும் உண்டு. 1898-ஆம் ஆண்டில் லோஃப்லர், ஃப்ராஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், நுண்ணுயிர்களைத் தடுத்துவிடும் வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு பொருளே இந்நோய்க்குக் காரணம் எனக் காட்டினர். விலங்குகளுக்கு நோய் விளைக்கும் வைரஸ் ஒன்று முதன்முதலாக அறியப்பட்டது இவ்வாறுதான்.

இவ்வைரசின் வகைகள் ஏழு. ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூன்று வகைகளை நோக்கியே இந்தியாவில் தடுப்பூசி மருந்து செய்யப்படுகிறது. ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற பாதுகாப்பு மற்றொரு வகைக்கு உதவாது. வைரசை உயிரணு வளர்ப்பில் பெருமளவில் பெருக்கி, வேதிப்பொருளால் கொன்று, எண்ணெயுடன் கலந்து ஊசி மருந்தாக்குவர். இம்முறை பல நாடுகளில் நற்பயன் தந்துள்ளது. ஆயினும் இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, கொல்வதற்கு முன் உயிருள்ள வைரசைப் பெருமளவில் வளர்த்தாக வேண்டும். 2007-இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் என்னுமிடத்தில் ஆராய்ச்சிக்கூடமும் மருந்துத் தொழிற்கூடமும் அமைந்திருந்த வளாகத்தின் கழிவுநீர்க் குழாய்ப் பழுதின் வழியே வைரஸ் வெளியேறி, சுற்றுப்புறப் பண்ணைகளில் நோய் தோன்றியது. இரண்டாவது இடர்ப்பாட்டைக் களப்பணியாளர் நன்கு அறிவர். முழு வைரஸ் துகள் வெப்பத்தில் எளிதில் சிதைந்து சிறு கூறுகளாகிவிடும். சிதைந்த துகளால் பயன் மிகக் குறைவு. மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருந்தாக வேண்டும் என்பதும், உறையவும் கூடாது என்பதும், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து வயல் வரப்பில் நடக்க நேர்வதும் இதனாலேயே.

இவ்விரண்டு இடர்ப்பாடுகளிலிருந்தும் ஒருங்கே விடுபடும் வழியொன்று 1980-க்குப் பிறகு ஆராய்ச்சியாளர் உள்ளத்தை ஈர்த்தது. உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் வைரஸ் முழுவதையும் பற்றுவதில்லை. அதன் மேற்புறத்திலுள்ள சில சிறு இடங்களையே பற்றுகிறது. அவ்விடத்தில் உள்ள அமினோ அமிலங்களை மட்டும் அதே வரிசையில் வேதியியல் கூடத்தில் கோத்து ஒரு துண்டம் செய்தால், அதற்கு வைரஸ் தேவையில்லை, கசிவுக்கு இடமில்லை, வெப்பத்தால் உருக்குலையும் கூடும் அதற்கு இல்லை. இத்தகைய துண்டம் பெப்டைடு எனப்படும். ஆனால் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினாவுக்கு விடை காணவே கணிப்பொறியின் துணை நாடப்பட்டது.

துண்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

கோமாரி வைரசின் கூடு நான்கு புரதங்களால் ஆயது. ஒவ்வொன்றிலும் 60 படிகள் உள்ளன. அவற்றுள் வி.பி.1 என்னும் புரதம் முதன்மையானது. ட்ரிப்சின் என்னும் நொதியால் இப்புரதத்தை மட்டும் வெட்டினாலும் வைரசின் தொற்றும் ஆற்றல் குறைந்துவிடுவதை முன்னரே கண்டிருந்தனர். ஓ வகை வைரஸ் ஒன்றில் இப்புரதம் 213 அமினோ அமிலங்களைக் கொண்டது.

1981-இல் ஹாப், வுட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எளிய கணக்கு முறை ஒன்றை வெளியிட்டனர். நீரை விரும்பும் அமினோ அமிலங்கள் புரதத்தின் மேற்புறத்தில் அமைவதும், நீரை வெறுப்பவை உட்புறத்தில் ஒடுங்குவதும் இயல்பு. எதிர்ப்பொருள் எட்டிப் பற்றக்கூடியது மேற்புறமே ஆதலால், நீர் விருப்பம் மிகுந்த பகுதியைத் தேடினால் போதும் என்பது அவர்தம் கருத்து. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஓர் எண் தந்தனர். ஆர்ஜினின், லைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டமிக் அமிலம் ஆகியவற்றுக்கு 3.0, கிளைசினுக்கும் புரோலினுக்கும் 0, லியூசினுக்கு −1.8, டிரிப்டோஃபானுக்கு −3.4. வரிசையில் அடுத்தடுத்த ஆறு அமிலங்களின் சராசரியைக் கண்டு, ஓரிடம் தள்ளி மீண்டும் ஆறின் சராசரியைக் காண வேண்டும். 213 அமிலங்கள் உள்ள புரதத்தில் இத்தகைய கூட்டல்கள் 208 வரும். கணிப்பொறிக்கு இது நொடிப்பொழுது வேலை. வகுப்பறையில் ஒரு பகுதியைக் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம்.

ஓ வகை வைரசின் வி.பி.1 புரதத்தில் 142 முதல் 147 வரையுள்ள ஆறு அமிலங்கள் முறையே புரோலின், அஸ்பராஜின், லியூசின், ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்பன. அவற்றின் எண்கள் 0, 0.2, −1.8, 3.0, 0, 3.0. கூட்டுத்தொகை 4.4, சராசரி 0.73. ஐந்து இடம் தள்ளி, 147 முதல் 152 வரை பார்த்தால், அஸ்பார்ட்டிக் அமிலம், லியூசின், குளுட்டமின், வாலின், லியூசின், அலனின் என வருகின்றன. எண்கள் 3.0, −1.8, 0.2, −1.5, −1.8, −0.5. கூட்டுத்தொகை −2.4, சராசரி −0.4. கணக்கின்படி முதற்பகுதி தேர்வு பெறுகிறது. அடுத்த பகுதி தள்ளப்படுகிறது.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. 145 முதல் 147 வரையுள்ள மூன்று அமிலங்களே வைரஸ் உயிரணுவின் மேலுள்ள ஏற்பியைப் பற்றும் பிடி. ஆனால் அப்பிடி இறுகுவதற்கு 148, 151 ஆகிய இடங்களில் உள்ள லியூசின்களும் துணை செய்கின்றன என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கணக்கு எதனைப் பயனற்றது எனக் கழித்ததோ அப்பகுதியிலேயே அவை உள்ளன. நீரை வெறுக்கும் அமிலம் மேற்புறத்தில் இராது என்பது பொதுவிதி. கோமாரி வைரசின் இந்த வளையம் அவ்விதிக்கு அடங்கவில்லை.

இக்குறையை இந்தியாவிலேயே வேறொரு வழியில் உணர்ந்தனர். புனே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோலாஸ்கரும் தோங்காவ்கரும் 1990-இல் வெளியிட்ட முறை, சோதனையால் முன்னரே அறியப்பட்ட பற்றிடங்களில் எந்தெந்த அமிலம் எத்தனை முறை வருகிறது என எண்ணிப் பார்த்து அமைக்கப்பட்டது. சிஸ்டீன், லியூசின், வாலின் ஆகியவை மேற்புறத்தில் அமைய நேர்ந்தால், அவை பற்றிடத்தின் பகுதியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிவு. தம் முறை ஏறத்தாழ 75 விழுக்காடு சரியாக உரைப்பதாகவும் கூறினர். உலகெங்கும் இம்முறை இன்றும் எடுத்தாளப்படுகிறது. எனினும் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமினோ அமிலங்களுக்கு எண் தரும் 484 அளவுகோல்களைச் சோதித்து, அவற்றுள் சிறந்ததும் கண்ணை மூடித் தொடுவதைவிடச் சிறிதளவே மேலானது என்று காட்டியது. காரணம் எளிது. பெரும்பாலான எதிர்ப்பொருள்கள் ஒரே தொடர்ச்சியான துண்டத்தைப் பற்றுவதில்லை. மடிந்த புரதத்தில் தொலைவிலிருந்து வந்து அருகருகே சேர்ந்த அமிலங்களையே பற்றுகின்றன. வரிசையை மட்டும் படிக்கும் கணக்குக்கு மடிப்பு தெரியாது. புரதத்தின் முப்பரிமாண வடிவத்தையே கணித்துத் தரும் புதிய முறைகள் இக்குறையை ஓரளவு போக்குகின்றன. ஆயினும் அவையும் தருவது சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலே.

நான்கு வினாக்கள், நான்கு சோதனைகள்

பட்டியலில் உள்ள துண்டத்தைச் செய்து, விலங்குக்கு ஊசியிட்டு, தடுப்பாற்றல் விளைந்ததா எனக் காண்பது அடுத்த பணி. தடுப்பாற்றல் என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறான வினாக்கள் அடங்கியிருப்பதை மறந்தே செய்தித்தாள்களில் பெருமிதமான தலைப்புகள் எழுதப்படுகின்றன.

முதல் வினா, ஊசியிட்ட விலங்கின் சீரத்தில் அத்துண்டத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் உண்டாயிற்றா என்பது. இதற்கு எலைசா என்னும் சோதனை போதும். சிறு குழிகள் உள்ள தட்டில் துண்டத்தைப் படியவைத்து, சீரத்தைப் படிப்படியாக நீர்த்து ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவி, நொதி இணைத்த மற்றோர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், பற்று உள்ள இடத்தில் நிறம் தோன்றும். எளிய சோதனைதான், ஆனால் ஏமாற்றவும் வல்லது. 20 அமினோ அமிலங்களே உள்ள துண்டம் தனியே உடலின் கவனத்தை ஈர்ப்பது அரிது ஆதலால், அதனைப் பெரிய புரதம் ஒன்றுடன் பிணைத்து ஊசியிடுவது வழக்கம். அப்பெரிய புரதத்துக்கும் எதிர்ப்பொருள் மிகுதியாக உண்டாகும். தட்டிலும் அதே பிணைப்பையே படியவைத்தால், தோன்றும் நிறம் எதனால் என்று கூற இயலாது. தட்டில் துண்டத்தை மட்டுமோ, வேறொரு புரதத்துடன் பிணைத்தோ வைக்க வேண்டும். அதே அமிலங்களை வரிசை கலைத்துக் கோத்த துண்டமும், ஊசியிடுவதற்கு முன் எடுத்த சீரமும் ஒப்பீட்டுக்கு வேண்டும். இவை இல்லாத முடிவைக் கணக்கில் கொள்வதற்கில்லை.

இரண்டாம் வினா, அந்த எதிர்ப்பொருள் உண்மையான வைரசைப் பற்றுமா என்பது. தனித்த துண்டம் நீரில் நெகிழ்ந்த கயிறு போன்றது. வைரசின் மேல் அதே பகுதி ஒரு குறிப்பிட்ட வளைவில் நிற்கலாம். கயிற்றை அறிந்த எதிர்ப்பொருள் வளைவை அறியாது போவது உண்டு. கோமாரி வைரசைப் பொறுத்தவரை இயற்கை இங்குச் சிறிது சலுகை காட்டியது. 1989-இல் இவ்வைரசின் படிக அமைப்பைக் கண்டறிந்தபோது, இந்த வளையம் மட்டும் நிலையான வடிவமின்றி அசைந்தாடுவதாகத் தெரிந்தது. நெகிழ்ந்த துண்டமும் நெகிழ்ந்த வளையமும் ஒத்துப்போவதே இதில் துண்டங்கள் ஓரளவேனும் பயன் தந்ததற்குக் காரணம் எனலாம். வேறு பல வைரஸ்களில் இந்த வாய்ப்பு இல்லை.

மூன்றாம் வினா, பற்றிய எதிர்ப்பொருள் வைரசை முடக்குகிறதா என்பது. நீர்த்த சீரத்துடன் அளவறிந்த உயிருள்ள வைரசைக் கலந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்து, வெள்ளெலியின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற உயிரணு வளர்ப்பின்மேல் இடுவர். இரண்டு மூன்று நாளில் உயிரணுக்கள் அழியாமல் நின்றால் வைரஸ் முடங்கியது என்று பொருள். உயிருள்ள வைரசைக் கையாள்வதால் இச்சோதனை உயர்ந்த காப்பு வசதியுள்ள கூடங்களில் மட்டுமே செய்யத்தக்கது. இத்துடன் டி-உயிரணுக்களின் விழிப்பையும் சோதிப்பர். இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, துண்டத்துடன் வளர்த்து, அவை பெருகுகின்றனவா, இன்டர்ஃபெரான் சுரக்கின்றனவா எனக் காண்பர். டி-உயிரணுவின் உதவியின்றி, எதிர்ப்பொருள் சுரக்கும் பி-உயிரணு வலிமையாகவும் நெடுநாளும் இயங்குவதில்லை.

நான்காம் வினாவே முடிவானது: மாடு நோயிலிருந்து தப்புமா? ஊசியிட்டு மூன்று வாரங்களுக்குப் பின், 10,000 தொற்றளவு கொண்ட வைரசை மாட்டின் நாக்கில் செலுத்தி, ஏழெட்டு நாள் கவனிப்பர். நாக்கில் புண் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. கால்களில் கொப்புளம் எழுந்தால் பாதுகாப்பு இல்லை என்று முடிவு. வழக்கமான மருந்துக்கு விதிக்கப்பட்டுள்ள அளவுகோல்களுள் ஒன்று, ஊசியிட்ட 16 மாடுகளில் குறைந்தது 12 தப்ப வேண்டும் என்பது. அதாவது 75 விழுக்காடு.

கினிப்பன்றியிலிருந்து மாட்டுக்கு

1982-இல் வைரசின் மரபுவரிசையைப் படித்து, அதிலிருந்து வி.பி.1 புரதத்தின் அமில வரிசையை வருவித்து, 141 முதல் 160 வரையிலான துண்டத்தைச் செய்து, சீமைப்பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றிகளுக்கு ஒரே ஒரு முறை ஊசியிட்டனர். அவை நோயிலிருந்து தப்பின. அதே ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 144 முதல் 159 வரையிலான துண்டத்தைக் கொண்டு, வைரசை முடக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிக் காட்டினர். 1986-இல் இவ்வளையத்தையும் அதே புரதத்தின் வால்நுனியையும் இணைத்த 40 அமிலத் துண்டம் ஒன்று சில மாடுகளையும் காத்தது. செயற்கைத் தடுப்பூசி மருந்தின் காலம் வந்துவிட்டது என அன்று பலரும் நம்பியதில் வியப்பில்லை.

எச்சரிக்கை முதலில் எலிகளிலிருந்து வந்தது. சில எலி இனங்கள் இத்துண்டத்துக்கு எதிர்ப்பொருளே உண்டாக்கவில்லை. டி-உயிரணுவுக்கு உரிய வேறொரு துண்டத்தைச் சேர்த்தவுடன் அவ்வெலிகளும் எதிர்ப்பொருள் சுரந்தன என 1987-இல் காட்டப்பட்டது. ஒரு துண்டத்தை டி-உயிரணு காண வேண்டுமானால், விலங்கின் திசுப்பொருத்தப் புரதம் அதனைத் தாங்கி நீட்ட வேண்டும். அப்புரதம் ஒரே மந்தையிலும் மாட்டுக்கு மாடு வேறுபடும். ஆய்வுக்கூட எலிகள் ஒரே வார்ப்பில் பிறந்தவை. ஊர் மந்தையில் உள்ளவை அவ்வாறல்ல. ஓர் எலி இனத்தில் கிடைத்த நல்ல முடிவைக் கொண்டு நாட்டு மாடும் கலப்பின மாடும் எருமையும் சேர்ந்த மந்தையைப் பற்றித் தீர்ப்புக் கூற முடியாமைக்கு இதுவே காரணம்.

1997-இல் அர்ஜென்டினா, ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வே இவ்வரலாற்றில் மிகுந்த மதிப்புடையது. சி வகை வைரசின் வரிசையைக் கொண்டு நான்கு விதத் துண்டங்கள் செய்யப்பட்டன. ஒன்றில் வளையம் மட்டும், ஒன்றில் வளையத்துடன் டி-உயிரணுவுக்குரிய பகுதி, ஒன்றில் வளையமும் வால்நுனியும், ஒன்றில் இம்மூன்றும். சோதனைக்கு உட்பட்டவை மொத்தம் 138 மாடுகள். அளவை மாற்றியும், ஊசியிடும் கால இடைவெளியை மாற்றியும் பார்த்தனர். எந்தத் துண்டமும் 40 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்புத் தரவில்லை. மேலும், சீரத்தின் முடக்கும் ஆற்றலுக்கும் மாடு தப்பியதற்கும் உள்ள தொடர்பு குறைவாகவே இருந்தது. மேற்கூறிய மூன்றாம் வினாவுக்குச் சாதகமான விடை கிடைத்தாலும், நான்காம் வினாவுக்குரிய விடையை அதிலிருந்து ஊகிக்க இயலாது என்பது இதனால் மெய்ப்பட்டது.

அவர்கள் மேலும் ஒன்று கண்டனர். ஊசியிட்டும் நோயுற்ற மாடுகளின் 29 புண்களிலிருந்து எடுத்த வைரசைப் படித்தபோது, 12-இல் அந்த வளையத்திலேயே அமினோ அமிலம் மாறியிருந்தது. இவ்வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; அதனைப் படியெடுக்கும் நொதி பிழை திருத்தாது. எனவே மாறிய படிகள் ஓயாமல் தோன்றுகின்றன. முழு வைரசால் ஆன மருந்து பல இடங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களைத் தூண்டுவதால், ஓரிடம் மாறினாலும் வைரஸ் தப்புவது கடினம். ஒரே துண்டத்தால் ஆன மருந்தோ ஒரே பூட்டு உள்ள கதவு போன்றது. பரவலாகப் போடப்படும் மருந்து இத்தகையதானால், அது நோயைத் தடுக்காததோடு, தன்னைத் தப்பும் வைரசைத் தானே பொறுக்கி வளர்ப்பதாகவும் முடியும்.

இதன்பின் முயற்சி கைவிடப்படவில்லை. கிளைகளாகப் பிரியும் துண்டம் ஒன்றில் வளையத்தின் நான்கு படிகளையும், வைரசின் 3ஏ புரதத்திலிருந்து எடுத்த டி-உயிரணுப் பகுதியையும் இணைத்து 2008-இல் ஸ்பெயினில் செய்த சோதனையில் பன்றிகள் முழுமையாகத் தப்பின. 2016-இல் இரண்டே படிகள் கொண்ட எளிய அமைப்பு ஓ வகை வைரசிலிருந்தும் பன்றிகளைக் காத்தது. பன்றிக்கு உதவியது மாட்டுக்கும் உதவும் என்று இதனைக் கொண்டு கூறுவதற்கில்லை. இந்தியாவில் 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆறு திங்களுக்கு ஒருமுறை இடப்படுவது கொன்ற முழு வைரசால் ஆன மருந்தே.

சீரம் மாதிரியும் பதிவேடும்

மாட்டுக்கு மருந்தாக எதிர்பார்த்த வெற்றி காணாத இவ்வழி, நோயறிதலில் நல்ல பயன் அளித்துள்ளது. தடுப்பூசி இட்ட மாட்டுக்கும் நோயுற்றுத் தேறிய மாட்டுக்கும் கூட்டுப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும்; ஆதலால் அதைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் வைரஸ் உயிரணுவுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் புரதங்கள் சில உள்ளன. தூய்மைப்படுத்திய மருந்தில் இவை நீக்கப்படுவதால், இவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் நோயுற்ற மாட்டிலேயே தோன்றும். 3ஏபி3 என்னும் அத்தகைய புரதப் பகுதியைத் தட்டில் படியவைத்துச் செய்யும் எலைசா சோதனை, முக்தேசுவரில் இயங்கிய கோமாரி நோய் ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கப்பட்டு, நாடெங்கும் மந்தைகளில் தொற்று நடமாடுகிறதா எனக் கண்காணிக்கப் பயன்படுகிறது. இங்குத் துண்டம் மாட்டைக் காக்க வேண்டியதில்லை. எதிர்ப்பொருளை அடையாளம் கண்டால் போதும். முதல் வினாவுக்கு மட்டும் விடை தரவல்ல பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பணி இல்லை.

இச்சோதனையிலும் ஐயத்துக்கு இடம் உண்டு. முழுதும் தூய்மையாகாத மருந்தைப் பலமுறை பெற்ற மாட்டில், மருந்தில் எஞ்சிய சிறிதளவு புரதத்தாலேயே நிறம் தோன்றக்கூடும். ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு சீரக் குப்பியுடனும் 12 இலக்கக் காதணி எண், மாட்டின் வயது, இதுவரை இட்ட ஊசிகளின் எண்ணிக்கை, கடைசி ஊசி நாள், மந்தையில் அண்மையில் நோய்க்குறி கண்டதா இல்லையா என்பன குறிக்கப்பட வேண்டும். ஆறு மாதக் கன்றில் தோன்றும் நிறத்துக்கும் பத்து முறை ஊசி பெற்ற கறவைப் பசுவில் தோன்றும் நிறத்துக்கும் ஒரே பொருள் கொள்ள முடியாது. இக்குறிப்புகள் இல்லாத குப்பியின் நிறத்தைக் கொண்டு, அது தொற்றால் வந்ததா மருந்தால் வந்ததா என ஆய்வாளர் கூற இயலாது.